எந்த மரபணுவை நீக்கினால் பாக்டீரியா நமக்கு வேண்டியதைச் சுரக்கும்? கணினியில் தேடுவதற்கு ஒரு முழு வழிகாட்டி

நாகர்கோவிலில் என் வீட்டு மாடிக்கு மாலை நேரத்தில் இரண்டு மூன்று பிள்ளைகள் லேப்டாப்போடு வந்து உட்காருவார்கள். எம்.எஸ்சி., பி.டெக். கடைசி வருட புராஜெக்ட். தலைப்பு ஏறக்குறைய ஒன்றுதான்: இ.கோலி என்ற பாக்டீரியாவில் எந்த மரபணுக்களை நீக்கினால் சக்சினேட்டோ லாக்டேட்டோ எத்தனாலோ அதிகம் கிடைக்கும் என்று கணினியில் கண்டுபிடிப்பது. எல்லாரும் சறுக்குகிற இடங்களும் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் வரிசையாக எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

வேலையை இப்படி நினைத்துக்கொள்ளுங்கள். பேச்சிப்பாறைத் தண்ணீர் வரும் கால்வாயில் ஒரு மடையை அடைத்தால் தண்ணீர் நின்றுவிடாது, அடுத்த மடை வழியாகப் போகும். செல்லுக்குள் கார்பன் ஓடுவதும் அப்படித்தான். நம் வயலில் பாயாமல் தண்ணீர் மேற்கொண்டு போகவே முடியாதபடி எந்தெந்த மடையை அடைக்கலாம் என்று தேடுகிறோம். அதாவது செல் வளர வேண்டுமென்றால் நம் பொருளை வெளியே தள்ளித்தான் ஆக வேண்டும் என்ற நிலைக்கு அதைக் கொண்டுவருகிறோம்.

அதனால் நோட்டின் முதல் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வியை எழுதி வையுங்கள்: செல் தன் உச்ச வேகத்தில் வளரும்போது நம் பொருள் குறைந்தபட்சம் எவ்வளவு வெளியே வரும்? அதிகபட்சம் எவ்வளவு என்பது இப்போது வேண்டாம். கீழே வரும் எல்லாப் படியும் இந்தக் குறைந்தபட்ச எண்ணுக்காகத்தான்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

8 ஜிபி ராம் உள்ள லேப்டாப் போதும். பைத்தான், அதில் கோப்ராபை என்ற நூலகம், அதோடு சேர்ந்தே வரும் ஜிஎல்பிகே என்ற தீர்ப்பான், அதாவது கணக்கைத் தீர்த்துத் தரும் நிரல். முதல் ஐந்து படிகளுக்கு வேறெதுவும் வேண்டாம்.

ஆறாவது படிக்கு மட்டும் குரோபி அல்லது சிப்ளெக்ஸ் என்ற வேகமான தீர்ப்பான் இருந்தால் நல்லது. இரண்டுக்கும் மாணவர்களுக்கு இலவச உரிமம் உண்டு. ஆனால் பதிவுக்குக் கல்லூரி மின்னஞ்சல் முகவரி தேவைப்படும், சில சமயம் கல்லூரி நெட்வொர்க்கிலிருந்தே செய்யவும் வேண்டியிருக்கும். இதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள், முதல் நாளே முடித்துவிடுங்கள்.

எஃப்.பி.ஏ. என்ற பாய்வுச் சமநிலைப் பகுப்பாய்வு என்ன செய்கிறது என்று இரண்டு வாக்கியத்தில் உங்களால் சொல்ல முடிய வேண்டும். செல்லுக்குள் எந்தப் பொருளும் தேங்காது, உண்டாவதும் செலவாவதும் சமம் என்று வைத்துக்கொண்டு, அந்த வரம்புக்குள் வளர்ச்சி வீதத்தை உச்சமாக்கும் பாய்வுகளை, அதாவது ஒவ்வொரு வினையும் ஓடும் வேகத்தை, அது தேடுகிறது. மரபணு எப்போது எவ்வளவு இயங்கும் என்பது பற்றியெல்லாம் அதற்கு ஒன்றும் தெரியாது. இந்த இரண்டாவது வாக்கியத்தை மறந்தவர்கள்தான் எட்டாவது படியில் மாட்டிக்கொள்கிறார்கள்.

2. சின்ன மாதிரியில் தொடங்கி, தெரிந்த எண்ணைப் பிடிக்கவும்

மாதிரி என்பது செல்லின் வினைகளையும் அவற்றுக்கான மரபணுக்களையும் பட்டியலிட்ட கணினிக் கோப்பு. வந்தவுடனே எல்லாரும் இறக்குவது இ.கோலியின் ஐஎம்எல்1515. 2017-இல் வந்தது, 1515 மரபணுக்கள், 2712 வினைகள். பெரிய மாதிரி என்றால் பெரிய புராஜெக்ட் என்று ஒரு நினைப்பு. வேண்டாம். இ.கோலி கோர் என்ற சின்ன மாதிரியில் 95 வினைகள், 72 வளர்சிதைப் பொருள்கள், 137 மரபணுக்கள்தான். மொத்த வரைபடத்தையும் ஒரு தாளில் வரைந்துவிடலாம். ஏதாவது தப்பாகப் போனால் எங்கே தப்பு என்று கண்ணால் பார்க்கலாம்.

இறக்கியதும் எதையும் மாற்றாமல் ஓட்டுங்கள். குளுக்கோஸ் 10, ஆக்சிஜன் தாராளம். வளர்ச்சி வீதம் மணிக்கு 0.874 வர வேண்டும். பிறகு ஆக்சிஜனை மூடுங்கள். 0.212 வர வேண்டும். அந்த நிலையில் ஏறக்குறைய அசிடேட் 8.5, எத்தனால் 8.3, ஃபார்மேட் 17.8 வெளியேறும், சக்சினேட் பூஜ்யம். பாய்வின் அலகு எப்போதும் ஒரு கிராம் உலர் எடைக்கு, ஒரு மணி நேரத்துக்கு, இத்தனை மில்லிமோல்.

இந்த எண்கள் வராவிட்டால் மேலே போகாதீர்கள். தொடக்கமே கோணலாக இருந்தால் அதற்குப் பிறகு வரும் எந்த நீக்கத்தையும் நம்ப முடியாது.

3. ஊடகத்தை உறுதி செய்யவும்

ஆக்சிஜனை மூடிவிட்டேன் என்று சொல்வார்கள், வளர்ச்சி வீதமோ அதே 0.874-இல் நிற்கும். காரணம் ஒன்றுதான். கோப்ராபையிடம் ஊடகத்தை, அதாவது செல்லுக்கு வெளியிலிருந்து கிடைப்பவற்றின் பட்டியலைக் கேட்டால் அது தருவது ஒரு நகல். நகலில் ஆக்சிஜனைப் பூஜ்யமாக்கினால் மாதிரிக்கு ஒன்றும் தெரியாது. மாற்றிய நகலைத் திரும்ப மாதிரியிடமே ஒப்படைக்க வேண்டும். பிழைச் செய்தியும் வராது என்பதால் இதைக் கண்டுபிடிக்கவே ஒரு மாலை போய்விடும்.

அடுத்தது குறி. ஊடகப் பட்டியலில் உள்ளே வரும் குளுக்கோஸ் நேர்மறை 10. அதே குளுக்கோஸ், அது உள்ளே வெளியே போகும் பரிமாற்ற வினையின் கீழ்வரம்பில் எதிர்மறை 10. இரண்டும் ஒன்றுதான். ஆனால் குழப்பிக்கொண்டால் செல் குளுக்கோஸைச் சாப்பிடாமல் பட்டினி கிடக்கும்.

மூன்றாவது, மாற்றங்கள் ஒட்டிக்கொள்வது. ஒரு மரபணுவை நீக்கிச் சோதித்துவிட்டு அடுத்ததற்குப் போகும்போது முதல் நீக்கம் அப்படியே இருந்தால், நீங்கள் சோதிப்பது இரட்டை நீக்கம். ஒவ்வொரு சோதனையையும் 'வித்' தொகுதிக்குள் வைத்தால், வெளியே வந்ததும் மாதிரி தானாகப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

கார்பன் மூலம் பற்றி ஒரு வார்த்தை. நம்மூர்ப் பிள்ளைகள் வருடத்துக்கு ஒருவராவது அக்கானியை, அதாவது பதநீரை, ஊடகமாக வைக்கலாமா என்று கேட்பார்கள். ஆசை நல்ல ஆசைதான், கருப்பட்டி காய்ச்சும் ஊரில் அந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் அக்கானியில் இருப்பது பெரும்பாலும் சுக்ரோஸ், நாம் வைத்திருக்கும் மாதிரிகளோ கே-12 என்ற இ.கோலி வகையுடையவை (வகையைத்தான் திரிபு என்பார்கள்). கே-12 சுக்ரோஸைச் சாப்பிடாது. அதை உள்ளே எடுக்கவும் உடைக்கவும் வேண்டிய வினைகளை நாமே சேர்க்க வேண்டும், ஆய்வகத்திலும் அந்த மரபணுக்களைச் செருக வேண்டும். முதல் புராஜெக்டுக்குக் குளுக்கோஸ் போதும்.

4. உச்சவரம்பைக் கையால் கணக்கிட்டு, பிறகு கணினியிடம் கேட்கவும்

நீக்கம் தேடுவதற்கு முன் ஒரு கேள்வி: இந்தப் பொருளை இந்தச் செல்லால் செய்யவே முடியுமா? இலக்குப் பொருளுக்குப் பரிமாற்ற வினை என்ற வெளிவாசல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஒன்றைச் சேருங்கள். பிறகு வளர்ச்சியை மறந்துவிட்டு அந்த வெளிவாசலை மட்டும் உச்சமாக்குங்கள். பூஜ்யம் வந்தால் எத்தனை மரபணுவை நீக்கினாலும் பூஜ்யம்தான். தக்காளியின் சிவப்பு நிறமியான லைகோபீன் இதற்கு உதாரணம். இ.கோலியிடம் அதற்கான பாதை இல்லை, வெளியிலிருந்து மரபணுக்களைக் கொண்டுவர வேண்டும். அடைப்பதால் புதுக் கால்வாய் பிறக்காது.

எண் வந்தால் அதைக் கையால் சரிபாருங்கள். ஒரு குளுக்கோஸில் எரிக்கத் தகுந்த எலக்ட்ரான்கள் 24. ஒரு சக்சினேட்டில் 14. வகுத்தால் 1.71. ஒரு மோல் குளுக்கோஸுக்கு இதற்கு மேல் சக்சினேட் கிடைக்கவே கிடைக்காது. கார்பனைப் பார்த்தால் 1.71 சக்சினேட்டில் ஏறக்குறைய 6.86 கார்பன், குளுக்கோஸிலோ ஆறுதான். மீதி கார்பன் டையாக்சைடிலிருந்து வருகிறது. அதனால் மாதிரியில் கார்பன் டையாக்சைடு உள்ளே வரும் வழி திறந்திருக்க வேண்டும்.

குளுக்கோஸ் 10 என்றால் சக்சினேட் 17.1-க்கு மேல் காட்டக் கூடாது. காட்டினால் எங்கோ ஒரு வாசல் இலவசமாகத் திறந்திருக்கிறது என்று அர்த்தம், நீங்கள் சேர்த்த புது வினையின் சமன்பாடு சமமாக இல்லாமலும் இருக்கலாம். குறைவாக வந்தால் பயப்பட வேண்டாம். செல் உயிரோடிருக்கவே கோர் மாதிரி 8.39 அளவு ஏடிபி கேட்கிறது, அதற்கும் குளுக்கோஸ் செலவாக வேண்டுமே.

5. மரபணு வேறு, வினை வேறு

புராஜெக்டுகள் அதிகம் கவிழ்வது இங்கேதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

கணினியில் ஒரு வினையை மூடுவது சுலபம், இரண்டு வரம்பையும் பூஜ்யமாக்கினால் முடிந்தது. ஆய்வகத்தில் யாரும் வினையை மூட முடியாது, மரபணுவைத்தான் வெட்ட முடியும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஜி.பி.ஆர். விதி: எந்த மரபணுக்கள் சேர்ந்து எந்த வினையை நடத்துகின்றன என்று சொல்லும் தர்க்க வாக்கியம். 'அண்ட்' என்றால் எல்லாம் வேண்டும், ஒன்று போனாலும் வினை நிற்கும். 'ஆர்' என்றால் ஒன்று இருந்தாலே போதும்.

ஃபியூமரேட் ரிடக்டேஸ் 'அண்ட்' வகை. பி4151 முதல் பி4154 வரை (பி எண் என்பது இ.கோலி மரபணுவின் அடையாள எண்) நான்கும் சேர்ந்தால்தான் நொதி. எதை நீக்கினாலும் வினை போய்விடும்.

இப்போது எத்தனாலைப் பாருங்கள். எத்தனாலை நிறுத்த ஏடிஹெச்-ஈ மரபணுவை, அதாவது பி1241-ஐ, நீக்க வேண்டும் என்று எல்லாப் பாடத்திலும் இருக்கிறது. கோர் மாதிரியில் அதை மட்டும் நீக்கி ஓட்டினால் எத்தனால் பழையபடி ஓடும். ஏனென்றால் அசிடால்டிஹைடு உண்டாகும் வினைக்கு விதி 'பி0351 ஆர் பி1241'. அதை எத்தனாலாக மாற்றும் வினைக்கு 'பி0356 ஆர் பி1478 ஆர் பி1241'. ஒரு மடையை அடைத்தீர்கள், பக்கத்திலேயே வேறு மடைகள் திறந்து கிடக்கின்றன.

ஃபார்மேட்டும் இப்படியே. பிஎஃப்எல்-பி என்ற பி0903-ஐ நீக்கினாலும், பி0902-உம் பி3114-உம் சேர்ந்து ஒரு வழி, பி3951-உம் பி3952-உம் சேர்ந்து இன்னொரு வழி. லாக்டேட்டுக்கு எல்டிஹெச்-ஏ என்ற பி1380 போனாலும் பி2133 இருக்கிறது.

சரி, ஆய்வகத்தில் பி1241-ஐ மட்டும் நீக்கினாலே ஆக்சிஜன் இல்லாத நிலையில் எத்தனால் ஏறக்குறைய நின்றுவிடுகிறதே, அது எப்படி? மற்ற மரபணுக்கள் அந்தச் சூழலில் போதுமான அளவு இயங்குவதில்லை. மாதிரி எல்லா மரபணுவும் எப்போதும் முழு வேகத்தில் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. ஆகவே உங்கள் முன் இரண்டு வழி. மாதிரி சொல்கிறபடி எல்லா மாற்று மரபணுவையும் பட்டியலில் சேர்ப்பது ஒன்று. ஆதாரம் காட்டி, இந்த மரபணு இந்தச் சூழலில் இயங்காது என்று ஜி.பி.ஆர். விதியிலிருந்தே அதை எடுத்துவிடுவது இன்னொன்று. நான் இரண்டாவதைத்தான் விரும்புவேன், ஆனால் எதை எடுத்தீர்கள், ஏன் எடுத்தீர்கள் என்று ரிப்போர்ட்டில் ஒரு பத்தி இருந்தே ஆக வேண்டும். வினையை மூடிவிட்டு மரபணுவை நீக்கினேன் என்று எழுதுவது மட்டும் கூடவே கூடாது. வைவாவில் முதல் கேள்வியே அங்கேதான் விழும்.

இன்னொரு பொறி: கோர் மாதிரியின் 137 மரபணுக்களில் எஸ்0001 என்று ஒன்று இருக்கும். அது மரபணுவே இல்லை. நொதி இல்லாமல் தானாக நடக்கும் வினைகளுக்கு வைத்த பொய்ப்பெயர். ஆக்சிஜன் சவ்வு வழியாகக் கசிந்து உள்ளே வருவதும் அதன் பெயரில்தான். தேடல் நிரல் அதையும் மரபணுவாக எண்ணி 'எஸ்0001-ஐ நீக்கவும்' என்று பரிந்துரைக்கும். ஒரு பிள்ளை அதைத் தன் சிறந்த விடையாக ஸ்லைடில் போட்டு, கலர் வேறு கொடுத்திருந்தது. காற்று உள்ளே வருவதை எந்தக் கத்தரியால் வெட்டுவது?

6. களத்தைச் சுருக்கிவிட்டுத் தேடவும்

முதலில் ஒற்றை நீக்கம். ஒவ்வொரு மரபணுவாக நீக்கி வளர்ச்சி வீதத்தைப் பாருங்கள். ஈனோலேஸுக்கான பி2779 போன்றவற்றை நீக்கினால் கோர் மாதிரி செத்துவிடும். அவற்றைத் தேடலிலிருந்து விலக்குங்கள். எஸ்0001-ஐயும் விலக்குங்கள். எந்தச் சூழலிலும் பாய்வே இல்லாத வினைகளின் மரபணுக்களையும் விலக்குங்கள்.

விலக்கும்போது ஒரு கண்ணி. செத்த திரிபுக்கு மாதிரி சில நேரம் பூஜ்யம் தராது, 'விடை இல்லை' என்று தரும், அட்டவணையில் அது என்ஏஎன் என்று நிற்கும். வளர்ச்சி 0.01-க்குக் குறைவானவற்றை நீக்கு என்று எழுதினால் என்ஏஎன் அதில் சிக்காது, ஏனெனில் என்ஏஎன்னை எதோடு ஒப்பிட்டாலும் 'இல்லை' என்றுதான் பதில் வரும். செத்த செல் எல்லாம் உயிருள்ள பட்டியலில் உட்கார்ந்திருக்கும். முதலில் என்ஏஎன்னைப் பூஜ்யமாக்குங்கள்.

மாதிரி பிழைக்கும் என்று சொல்வது ஆய்வகத்திலும் பிழைக்குமா? 2006-இல் வெளியான கேயோ தொகுப்பில் இ.கோலியின் 3985 மரபணுக்களை ஒவ்வொன்றாக நீக்கிய திரிபுகள் இருக்கின்றன. 303 மரபணுக்களுக்கு அப்படி நீக்கிய திரிபு கிடைக்கவில்லை. உங்கள் பட்டியலை அந்த 303-உடன் ஒப்பிட்டுவிடுங்கள்.

ஏன் இவ்வளவு சுருக்க வேண்டும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். 137 மரபணுக்களில் மூன்று மூன்றாகத் தேர்ந்தால் 4,19,220 சேர்க்கைகள். நொடிக்கு நூறு கணக்கு ஓடுகிறது என்று வைத்தால் எழுபது நிமிடம். டீ குடித்துவிட்டு வரலாம். ஐஎம்எல்1515-இல் மூன்று மூன்றாக என்றால் ஏறக்குறைய 57 கோடியே 84 லட்சம் சேர்க்கைகள், அதே வேகத்தில் 67 நாள். அதற்குள் ஒரு மழைக்காலமும் நாலு பவர்கட்டும் வந்துபோகும். இடைமுடிவுகளை ஆயிரத்துக்கு ஒரு முறை கோப்பில் சேமியுங்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அதனால் பெரிய மாதிரியில் ஒவ்வொன்றாகப் பார்ப்பது இரண்டு நீக்கம் வரைதான். அதற்கு மேல் ஆப்ட்நாக் மாதிரியான முறைக்குப் போக வேண்டும். 2003-இல் வந்த அந்த முறை ஒரே கணக்குக்குள் இரண்டு ஆட்களை வைக்கிறது. உள்ளே இருக்கும் செல் தன் வளர்ச்சியை உச்சமாக்கப் பார்க்கும், வெளியே இருக்கும் நாம் எந்த வினையை மூடினால் பொருள் அதிகம் வரும் என்று பார்ப்போம். கோப்ராபையில் இது இல்லை. ஸ்ட்ரெயின்டிசைன் என்ற பைத்தான் தொகுப்பில் இருக்கிறது, அது மரபணு நிலையிலேயே தேடவும் செய்யும்.

அமைப்புகள் மூன்று. நீக்க எண்ணிக்கையை இரண்டில் தொடங்கி ஒவ்வொன்றாக ஏற்றுங்கள், நேராகப் பத்துக்குப் போகாதீர்கள். குறைந்தபட்ச வளர்ச்சி ஒன்றை விதியுங்கள், இயல்புச் செல்லின் பத்து சதவீதம் என்று நான் வைப்பேன். நேர வரம்பு வையுங்கள், இல்லாவிட்டால் ஜிஎல்பிகே விடியும் வரை சுற்றிக்கொண்டே இருக்கும்.

7. விடையை நம்பாமல், கீழ்வரம்பைக் கேட்கவும்

மார்த்தாண்டத்திலிருந்து வரும் பிள்ளை ஒருநாள் படியேறும்போதே, "அக்கா, கிட்டியாச்சு! மூணே மரபணு, சக்சினேட் அள்ளிட்டு வருது" என்றது. "குறைஞ்சது எவ்வளவு வரும் மக்கா?" என்றேன். அப்படியொரு எண் இருப்பதே அதற்குத் தெரியாது. உட்கார்ந்து பார்த்தோம். பூஜ்யம்.

நடந்தது இதுதான். அந்த மூன்று நீக்கத்துக்குப் பிறகு, அதே உச்ச வளர்ச்சியைச் செல் இரண்டு விதமாக அடைய முடியும்: சக்சினேட்டை வெளியேற்றியும் அடையலாம், வேறொன்றை வெளியேற்றியும் அடையலாம். இரண்டும் சமம் என்றால் தீர்ப்பான் ஏதோ ஒன்றைக் கையில் எடுத்துத் தரும். ஆப்ட்நாக்கோ நமக்குச் சாதகமானதைத்தான் எடுக்கும், அதன் அமைப்பே அப்படி. செல்லுக்கு நம்மேல் அப்படி ஒரு பாசமும் கிடையாது.

ஆகவே ஒவ்வொரு விடையையும் எஃப்.வி.ஏ. என்ற பாய்வு மாறுபாட்டுச் சோதனைக்கு அனுப்புங்கள். வளர்ச்சியை உச்சத்தில் நிறுத்திவிட்டு, இலக்குப் பொருளின் பாய்வு குறைந்தது எவ்வளவு, அதிகம் எவ்வளவு என்று அது சொல்லும். குறைந்தபட்சம் பூஜ்யம் என்றால் அந்த நீக்கப் பட்டியலைக் கிழித்துப் போடலாம். 0.000001-க்குக் கீழே உள்ள எண்களும் பூஜ்யம்தான், அது தீர்ப்பானின் உதிரி.

பிறகு வளர்ச்சியை உச்சத்தின் 90 சதவீதத்துக்கு இறக்கி மறுபடியும் ஓட்டுங்கள். 100 சதவீதத்தில் நன்றாகக் கொடுத்தது 90-இல் பூஜ்யமானால், வளர்ச்சிக்கும் உற்பத்திக்கும் உள்ள பிணைப்பு பலவீனம். எந்தச் செல்லும் தன் உச்சத்தில் கச்சிதமாக நிற்காது, அதனால் இந்த இரண்டாவது எண்ணுக்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

படமாகப் பார்க்க உற்பத்தி உறை வரையலாம். கிடையில் வளர்ச்சி, செங்குத்தில் இலக்குப் பொருளின் மேல் எல்லையும் கீழ் எல்லையும். கீழ்க்கோடு கடைசி வரை தரையிலேயே கிடந்தால் பிணைப்பு இல்லை. வலது முனைக்குப் பக்கத்தில் மட்டும் தூக்கினால் பலவீனப் பிணைப்பு. வளர்ச்சி பூஜ்யத்திலேயே தரையை விட்டு மேலே இருந்தால் வலுவான பிணைப்பு. மேல்க்கோட்டைப் பார்த்து மயங்காதீர்கள், எல்லாரும் அதைத்தான் பார்க்கிறார்கள்.

இந்தத் தலைவலி தேடலிலேயே தீர வேண்டுமென்றால் 2010-இல் வந்த ரோபஸ்ட்நாக் இருக்கிறது, அது மோசமான நிலையையே எடுத்துக்கொண்டு அதில் நல்லதைத் தேடும். மெதுவாக ஓடும், ஆனால் வருகிற விடையில் பதர் குறைவு.

எஃப்.வி.ஏ. பார்க்கும்போது ஃபியூமரேட் ரிடக்டேஸில் 1000 என்று ஒரு பெரிய எண் தெரிந்தால் துள்ளிக் குதிக்காதீர்கள். அதுவும் சக்சினேட் டிஹைட்ரஜனேஸும் எதிரெதிராகச் சுற்றி, ஒன்றும் செய்யாமல் சுழலும் வட்டம் அது. வெளிவாசலின் எண்ணை மட்டும் படியுங்கள்.

8. கணினிக்குத் தெரியாததை நீங்கள் யோசிக்கவும்

இலக்கியத்தில் இருக்கும் ஒரு பழைய திரிபை எடுத்துக் கையால் கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்தப் படி புரியும். என்இசட்என்111 என்பது பிஎஃப்எல்-பி, எல்டிஹெச்-ஏ இரண்டும் செயலிழந்த இ.கோலி. ஃபார்மேட் வழியும் லாக்டேட் வழியும் அடைபட்டால் கார்பன் சக்சினேட்டுக்குத்தானே போக வேண்டும்? போகவில்லை. ஆக்சிஜன் இல்லாமல் குளுக்கோஸில் அது வளரவே இல்லை.

ஒரு குளுக்கோஸ் உடைந்தால் இரண்டு பிஇபி (பைருவேட்டுக்கு முந்தைய பொருள்), இரண்டு என்ஏடிஹெச் (எலக்ட்ரான் சுமக்கும் மூலக்கூறு). ஆனால் இ.கோலி குளுக்கோஸை உள்ளே இழுப்பதற்கே ஒரு பிஇபியைச் செலவழித்து அதைப் பைருவேட் ஆக்கிவிடுகிறது. மிச்சம் ஒரு பிஇபி. அது சக்சினேட் ஆக இரண்டு என்ஏடிஹெச் வேண்டும், இருந்த இரண்டும் அங்கேயே தீர்ந்தது. தாளில் சமம்தான், ஆனால் அந்தப் பைருவேட் எங்கே போகும்? இரண்டு வாசலும் அடைபட்டுவிட்டன. மாதிரியில் பைருவேட் டிஹைட்ரஜனேஸ் எப்போதும் திறந்திருக்கும், அதனால் மாதிரி வழி கண்டுபிடித்துவிடும். உயிருள்ள செல்லில் ஆக்சிஜன் இல்லாதபோது அந்த நொதி பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். பிறகு ஏஎஃப்பி111 என்று ஒரு திரிபு தானாகவே மாறி வளர ஆரம்பித்தது. மாற்றம் இருந்த இடம் பிடிஎஸ்-ஜி, குளுக்கோஸை இழுக்கும் அதே அமைப்பு. பிஇபி மிச்சமாயிற்று, சக்சினேட் ஓடியது.

ஆகவே உங்கள் விடையில் ஓடும் பத்துப் பெரிய பாய்வுகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த நொதி இந்தச் சூழலில் உண்மையில் இயங்குமா? இயங்காது என்றால் அதை மூடிவிட்டு ஏழாவது படியை மறுபடி ஓட்டுங்கள்.

கூடவே மோமா. 2002-இல் வந்த இந்த முறை, மரபணு போன உடனே செல் புது உச்சத்துக்குத் தாவாது, பழைய பாய்வுகளுக்குப் பக்கத்திலேயே தடுமாறும் என்று எடுத்துக்கொள்கிறது. அதில் வளர்ச்சி ஏறக்குறைய பூஜ்யம் என்று வந்தால், அந்தத் திரிபைப் பல தலைமுறை வளர்த்துப் பழக்க வேண்டியிருக்கும் என்று ஆய்வகத்துக்கு முன்கூட்டியே சொல்லலாம். அதன் இருபடி வடிவத்துக்கு ஜிஎல்பிகே போதாது, நேரியல் வடிவத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

9. பட்டியலைக் குறைத்து, ஆய்வகத்துக்குக் கொடுக்கும் தாளை எழுதவும்

ஐந்து மரபணு கொண்ட விடை வந்தால், ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பாருங்கள். சேர்த்தும் குறைந்தபட்ச உற்பத்தி மாறாவிட்டால் அந்த நீக்கம் தேவையே இல்லை. தேடல் நிரல்கள் இப்படி ஓரிரண்டைச் சும்மா இழுத்துக்கொண்டு வரும். ஆய்வகத்தில் ஒவ்வொரு நீக்கமும் பல நாள் உழைப்பு என்பதால், இங்கே அரை மணி நேரம் செலவழித்தால் அங்கே வாரக்கணக்கில் மிச்சம்.

ஒரே ஓபரானில், அதாவது ஒன்றாக வாசிக்கப்படும் வரிசையில், இருக்கும் மரபணுக்களைக் கவனியுங்கள். முன்னால் இருப்பதை முரட்டுத்தனமாக வெட்டினால் பின்னால் இருப்பவையும் படுத்துவிடலாம், மாதிரிக்கு இது தெரியாது.

தாளில் இருக்க வேண்டியவை: மாதிரியின் பெயர், ஊடகம், ஆக்சிஜன் நிலை, நீக்கும் மரபணுக்களின் பெயரும் பி எண்ணும், உச்ச வளர்ச்சி வீதம், 100 சதவீதத்திலும் 90 சதவீதத்திலும் இலக்குப் பொருளின் குறைந்தபட்சம், குளுக்கோஸுக்கு எத்தனை மோல், ஜி.பி.ஆர். விதியில் நீங்கள் கைவைத்த இடங்கள், தீர்ப்பானின் பெயரும் பதிப்பும். கடைசி இரண்டையும் விட்டுவிட்டு வந்து, ஆறு மாதம் கழித்துத் தன் எண்ணையே தன்னால் திரும்ப எடுக்க முடியாமல் முழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் நானும் ஒருத்தி.

மரபணு மாற்றிய பாக்டீரியாவை வளர்க்கப் போகிற கல்லூரியில் உயிரிப் பாதுகாப்புக் குழுவின் அனுமதி வேண்டும். குழு கூடுவதற்கு நாள் பிடிக்கும், ஆகவே இந்தத் தாளைத் திருத்தி முடிப்பதற்கு முன்னாலேயே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள்.